“நான் அந்தப் பழத்தைத் தின்னவே இல்லையே டீச்சர்”: சென்மப் பாவத்தைப் பிள்ளைங்ககிட்ட எப்படிச் சொல்றது?

கடலோர டீச்சர்:

வணக்கம். எங்க கத்தோலிக்கப் பங்குல 14 வருஷமா ஞாயிறு மறைக்கல்வி எடுக்கிறேன், அஞ்சாம் வகுப்புக்கு. போன வாரம் பைபிளோட முதல் புத்தகமான தொடக்கநூல்ல மூணாம் அதிகாரம், ஆதாமும் ஏவாளும் கடவுள் விலக்கின பழத்தைத் தின்ன கதை. அதுல இருந்து பிறக்கிற எல்லார்கூடவும் ஒட்டிக்கிட்டு வர்றதைத்தான் சென்மப் பாவம்னு சொல்லிக் கொடுப்போம். வழக்கமா சுளுவா ஓடிடுற பாடம். பாம்பு, மரம், பழம் மூணையும் வரைஞ்சு கலர் அடிக்கச் சொன்னா முக்கால் மணி நேரம் போயிடும். பிள்ளைங்க பாம்புக்கு மீசை வைப்பாங்க, நானும் கண்டுக்க மாட்டேன்.

இந்தத் தடவை ஒருத்தன் கலர் பென்சிலைக் கீழ வச்சுட்டு எழுந்து நின்னான். “டீச்சர், அந்தப் பழத்தை நான் தின்னவே இல்லையே. எனக்கு எதுக்குப் பாவம்?”

எனக்குச் சின்ன வயசுல சொல்லிக் கொடுத்த பதிலையே சொன்னேன். அப்பா கடன் வாங்கினா பிள்ளை தலையிலதானே வந்து விழும், அது மாதிரின்னு. அவன் ஒரு நொடிகூட யோசிக்கல. “எங்கப்பா போட்டுக்கு வாங்குன கடனை எங்கப்பாதான் கட்டுதாவ.” வகுப்பே சிரிச்சுது. அந்த நேரம் பார்த்து மணி அடிச்சதால நான் தப்பிச்சேன். வர்ற ஞாயிறு அவன் விட மாட்டான், முகத்தைப் பார்த்தாலே தெரியும்.

ஆனா இதை இங்க வந்து கேக்கறதுக்கு அந்தப் பையன் மட்டும் காரணம் இல்ல.

எனக்கு முன்னாடி எங்க அம்மாவுக்கு ஒரு ஆண் பிள்ளை, 1976-ல. வீட்டுலதான் பேறுகாலம். நடுச்சாமத்துக்குப் பிறந்த பிள்ளை கோழி கூப்பிடறதுக்குள்ள போயிடுச்சு. உபதேசியார் பக்கத்து ஊருக்கு ஒரு சாவுக்குப் போயிருந்தாராம். ஆபத்து நேரத்துல யார் வேணும்னாலும் தண்ணி ஊத்தி ஞானஸ்நானம் கொடுக்கலாம், அது அங்க இருந்த பொம்பளைங்களுக்குத் தெரியாம இல்ல. ஆனா ஆச்சி, “பிள்ளை நல்லாத்தானே அழுவுது, விடிஞ்சதும் கோயிலுக்குத் தூக்கிட்டுப் போவோம்”னு சொல்லிட்டாங்க. சென்மப் பாவத்தோட போன பிள்ளை, மந்திரிச்ச மண்ணுல வைக்கக் கூடாதுன்னு ஆயிடுச்சு. கல்லறைத் தோட்டத்து மதிலுக்கு வெளிய, வடக்குப் பக்கம், ஒரு உடமரத்து அடியில வச்சாங்க. பேர் கிடையாது. எங்க வீட்டுல அதுக்கு “மூத்தது”ன்னு மட்டும்தான் சொல்வோம்.

வருஷா வருஷம் நவம்பர் 2, கல்லறைத் திருநாளுக்கு அம்மா மெழுகுதிரி எண்ணி வாங்குவாங்க. எண்ணிக்கைக்கு மேல எப்பவும் ஒண்ணு இருக்கும். உள்ள எல்லாக் கல்லறையிலயும் ஏத்தி முடிச்சுட்டு, மதிலைச் சுத்தி வெளிய போய் அதை மண்ணுல நட்டுட்டு வருவாங்க. கடக்காத்துல ஒரு நிமிஷம் நிக்காது. சின்னப்போ நான், காத்துக்கும் ஒரு திரி கொடுக்கணும் போலன்னு நினைச்சுட்டு இருந்தேன்.

அந்தப் பையன் கேட்டதும் எனக்கு அந்தத் திரிதான் ஞாபகம் வந்துச்சு. பழத்தைத் தின்னாதவங்கன்னு பார்த்தா எங்க மூத்தது பால்கூட ஒழுங்காக் குடிக்கல.

அதனால கேக்கறேன். சென்மப் பாவம்ங்கிறது குற்றமா, இல்ல நோய் மாதிரியா? அந்த மாதிரிப் பிள்ளைங்க லிம்போவுக்கு, மோட்சமும் இல்லாத நரகமும் இல்லாத ஒரு இடத்துக்குப் போகும்னு ஆச்சி சொல்வாங்களே, அது யார் சொன்னது, இன்னும் அப்படித்தான் சொல்றாங்களா? அந்த வார்த்தையே வேற குழப்புது. பக்கத்து வீட்டு அக்கா, “அதான் நாங்க சொல்ற போன சென்மத்துப் பாவம்”னு சொல்றாங்க. அது இல்லன்னு தெரியுது, எதுன்னு சொல்லத் தெரியல. எந்தச் சபைக்காரங்களும் சொல்லலாம். சண்டை மட்டும் வேண்டாம்.


பாளைத் தாத்தா:

டீச்சரம்மா, நான் சி.எஸ்.ஐ., அதாவது தென்னிந்தியத் திருச்சபைக்காரன். 34 வருஷம் பள்ளிக்கூடத்தில் தமிழ் நடத்தினவன், இறையியல் படித்தவன் அல்ல. ஆகவே எழுத்துக்கூட்டி வாசிக்கத் தெரிந்தவன் என்ற முறையில் மட்டும் சொல்லுகிறேன்.

ஆதியாகமம் (நீங்கள் தொடக்கநூல் என்கிறீர்கள்) மூன்றாம் அதிகாரத்தை ஒரு பென்சிலோடு உட்கார்ந்து வாசியுங்கள். ‘பாவம்’ என்ற சொல் எங்கே வருகிறதோ அங்கே கோடு போடுங்கள். பென்சிலுக்கு வேலையே இராது. எபிரெய மூலத்திலும் அந்த அதிகாரத்தில் அச்சொல் இல்லை. முதன்முதல் வருவது நான்காம் அதிகாரம் ஏழாம் வசனத்தில், “பாவம் வாசற்படியில் படுத்திருக்கும்” என்று ஆதாமின் மூத்த மகன் காயீனிடம் கர்த்தர் சொல்லும்போது. வாசலில் பதுங்கிப் படுத்திருக்கிற மிருகம்போல. கனி தின்றவர்களிடம் சொல்லாத சொல்லைத் தம்பியைக் கொல்லப்போகிறவனிடம் சொல்லுகிறார்.

ஆப்பிளும் கிடையாது. கனி என்பதோடு சரி. லத்தீனில் தீமைக்கும் ஆப்பிளுக்கும் ‘மாலும்’ என்று ஏறக்குறைய ஒரே சொல். மேற்கே ஆப்பிள் ஒட்டிக்கொண்டதற்கு அதையும் ஒரு காரணமாகச் சொல்வார்கள். பழைய யூத ரபிகளில் ஒருவர் திராட்சை என்றார், ஒருவர் அத்தி என்றார், இன்னொருவர் கோதுமை என்றார். பேர் சொல்லப்பட்டிருப்பது இலைக்கு மட்டும்தான், அத்தியிலை. பாம்பைச் சாத்தான் என்றும் அங்கே சொல்லவில்லை. “பழைய பாம்பு” என்று சாத்தானைச் சொல்லுவது வேதத்தின் கடைசிப் புத்தகம், வெளிப்படுத்தின விசேஷம் 12:9. சாபம் யாருக்கு என்றும் பாருங்கள். பாம்புக்கு ஒன்று, பூமிக்கு ஒன்று. ஆதாமுக்கும் ஏவாளுக்கும் பாடு உண்டு, ‘சபிக்கப்பட்டிருப்பாய்’ என்ற வார்த்தை அவர்களிடம் சொல்லப்படவில்லை. “மண்ணுக்குத் திரும்புவாய்” என்று கேட்ட கையோடு அந்த மனுஷன் செய்த முதல் காரியம், பெண்டாட்டிக்கு ‘ஏவாள்’ என்று பேர் வைத்தது. ஜீவனுள்ளோருக்கெல்லாம் தாய் என்று அர்த்தம். சாவைப் பற்றிக் கேட்டுவிட்டு உயிர் என்று பேர் வைக்கிறான். அந்த இடத்தில் நான் எப்போதும் சற்று நின்றுவிடுவேன்.

இன்னொன்று. எங்கள் பழைய மொழிபெயர்ப்பில் ஆறாம் வசனம், “தன் புருஷனுக்கும் கொடுத்தாள், அவனும் புசித்தான்” என்று முடியும். எபிரெயத்தில் ‘இம்மா’ என்று ஒரு சின்னச் சொல் உண்டு, ‘அவளோடு’ என்று பொருள். ஜெரோம் என்பவர் செய்த பழைய லத்தீன் மொழிபெயர்ப்பில் அது விடுபட்டுப்போனது, நம் தமிழிலும் இல்லை. உங்கள் கத்தோலிக்க மொழிபெயர்ப்பான திருவிவிலியத்தை எடுத்துப் பாருங்கள், “தன்னுடனிருந்த” என்று சேர்த்திருப்பார்கள். ஐம்பது வருஷமாக நான், ஆதாம் எங்கேயோ களை பறிக்கப் போயிருந்தான், ஏவாள் பழத்தை முந்தானையில் முடிந்து கொண்டுபோய்க் கொடுத்தாள் என்று மனதில் படம் வைத்திருந்தேன். (முந்தானைக்கு அப்போது துணியே கிடையாது. இருக்கட்டும்.) அந்த ஒரு சொல் விடுபட்டதால் குற்றம் முழுக்க அவள் தலையில் விழுந்துவிட்டது.

உங்கள் பையனுக்கு வருவோம். அவன் கேட்டது 2500 வருஷத்துக்கு மேல் பழைய கேள்வி. பாபிலோனில் சிறையிருப்பிலிருந்தவர்கள் ஒரு பழமொழி சொல்லித் திரிந்தார்கள்: “பிதாக்கள் திராட்சக்காய்களைத் தின்றார்கள், பிள்ளைகளின் பற்கள் கூசிப்போயின.” யாரோ தின்றதற்கு எனக்குப் பல் கூசுகிறது என்ற பொருமல். எசேக்கியேல் 18-ல் கர்த்தர் இந்தப் பழமொழியை இனிச் சொல்லக் கூடாது என்கிறார். “குமாரன் தகப்பனுடைய அக்கிரமத்தைச் சுமப்பதுமில்லை” என்பது 20ஆம் வசனம். போட்டுக் கடனைப் பற்றி அவன் சொன்னதும் இதுதானே. பரம்பரைக் குற்றம் என்ற உபதேசத்தை யூதர்கள் இன்றும் ஏற்பதில்லை.

‘சென்மம்’ பற்றி: ஜன்மம் என்றால் பிறப்பு. பிறக்கும்போதே கூட வருவது என்ற பொருளில் அப்படி வைத்திருக்கிறார்கள். நம் ஊர்க் காதுக்கு அது உடனே முற்பிறவியாகக் கேட்கும். ஆதிப்பாவம் என்று சொல்லிப் பாருங்கள், பக்கத்து வீட்டு அம்மாளுக்குக் குழப்பம் குறையும்.


வசனம் மாத்திரம்:

சகோதரி, ஐயா எசேக்கியேலைச் சொன்னவர் சங்கீதம் 51:5-ஐ விட்டுவிட்டார். “இதோ, நான் துர்க்குணத்தில் உருவானேன், என் தாய் என்னைப் பாவத்தில் கர்ப்பந்தரித்தாள்.” இதுவும் வசனம்தான். எனக்கு இரண்டு வயதில் மகள் இருக்கிறாள். பொய் சொல்ல யாரும் அவளுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. வாயெல்லாம் சர்க்கரையாக வந்து “நான் எடுக்கல” என்கிறாள். உண்மை பேசத்தான் நாங்கள் பாடுபட்டுச் சொல்லிக் கொடுக்க வேண்டியிருக்கிறது. மனுஷனுக்குள் ஏதோ கோணலாக இருக்கிறது என்பதை மறுக்க முடியாது, அதற்குப் பேர் என்ன வைத்தாலும் சரி.

உங்கள் அம்மாவின் குழந்தையைப் பற்றி. நாங்கள் குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் கொடுப்பதே இல்லை. அதனால் ‘அந்தக் குழந்தை எங்கே’ என்ற பயம் எங்கள் வீடுகளில் இந்த ரூபத்தில் வராது. ஆனால் 2 சாமுவேல் 12-ஐ அம்மாவுக்கு வாசித்துக் காட்டுங்கள். தாவீதுக்குப் பத்சேபாளிடம் பிறந்த பிள்ளை ஏழாம் நாளில் சாகிறது. உடன்படிக்கையின் அடையாளமான விருத்தசேதனம் எட்டாம் நாளில்தான், அதுவும் அந்தப் பிள்ளைக்குக் கிடைக்கவில்லை. பிள்ளைக்குப் பேரும் எழுதப்படவில்லை. தாவீது எழுந்து குளித்துச் சாப்பிட உட்கார்ந்து, “நான் அதினிடத்துக்குப் போவேனே அல்லாமல், அது என்னிடத்துக்குத் திரும்பி வரப்போகிறது இல்லை” என்கிறான். ‘அதினிடத்துக்குப் போவேன்.’ அந்த வார்த்தை போதும் சகோதரி. ஜெபிக்கிறேன்.


பாதியில் இறங்கியவன்:

டீச்சர், நான் ஏழு வருஷம் சாமியாருக்குப் படிக்கிற குருமடத்துல இருந்துட்டு இறங்கிட்டேன். இப்போ மதுரையில இன்சூரன்ஸ் வேலை. கடன், வாரிசு இது ரெண்டைப் பத்தியும் பேச எனக்கு டபுள் தகுதி.

நீங்க சொன்ன கடன் உதாரணத்துக்குப் பின்னாடி நிக்கிறவர் அகுஸ்தினார். 354-ல, இப்போ அல்ஜீரியாவா இருக்கிற இடத்துல பிறந்தவர். ஹிப்போ நகரத்து ஆயர், 430-ல இறந்தார். அவருக்குக் கிரேக்கம் அவ்வளவா ஓடாது, பைபிளை லத்தீன்லதான் வாசிச்சார். உரோமையர் 5:12-ல கிரேக்கத்துல ‘எஃப் ஹோ’ன்னு இருக்கு. ‘எல்லாரும் பாவம் செய்ததால்’ சாவு எல்லாருக்கும் வந்ததுங்கிறது இயல்பான வாசிப்பு. லத்தீன்ல அது ‘இன் குவோ’ன்னு ஆயிடுச்சு, ‘அவனுக்குள் எல்லாரும் பாவம் செய்தார்கள்’. பார்த்தீங்களா? உங்க பையன் “நான் தின்னவே இல்லை”ங்கிறான். லத்தீன் வாசகம், “தின்னடா, ஆதாமுக்குள்ள இருந்துக்கிட்டே தின்ன”ங்குது. நம்ம தமிழ் மொழிபெயர்ப்பு ரெண்டுமே கிரேக்கத்தைத்தான் பிடிச்சிருக்கு. பாளைத் தாத்தா வச்சிருக்கிறதுல “பாவஞ்செய்தபடியால்”, நம்ம திருவிவிலியத்துல “பாவம் செய்ததால்”.

அதுக்காக அகுஸ்தினாரை வில்லனாக்கிட வேண்டாம். அந்தப் பக்கம் நின்ன பெலாஜியுஸ், மனுஷன் நினைச்சா நல்லவனா இருக்கலாம், ஆதாம் கெட்ட முன்மாதிரி மட்டும்தான்னு சொன்னார். கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா விழுந்தவனைப் பார்த்து ‘நீ சரியா முயற்சி பண்ணல’ன்னு சொல்ற மதம் அது. அகுஸ்தினார் தன் பதினாறு வயசுக் கதை ஒண்ணு எழுதியிருக்கார். ராத்திரி கூட்டாளிங்களோட போய்ப் பக்கத்துத் தோட்டத்துப் பேரி மரத்தை உலுக்கினாங்க. பசி இல்ல, வீட்டுல அதைவிட நல்ல பழமே இருந்துச்சு, திருடினதைப் பன்னிக்குத்தான் எறிஞ்சாங்க. அப்போ எதுக்குத் திருடினேன்னு நாப்பது வயசு தாண்டின பிறகும் அந்த மனுஷன் துருவித் துருவி எழுதறார். திருடணும்னே திருடினேன்ங்கிறார். அதைப் படிச்சப்போ எனக்கு என் ஹாஸ்டல் நாள்தான் ஞாபகம் வந்துச்சு, விவரம் வேண்டாம். அந்தக் கோணலை அவர் பார்த்தது நிஜம். அது ரத்தத்துல குற்றமாவே இறங்குதுன்னு சொன்னதுலதான் சிக்கல். 418-ல கார்த்தேஜ்ல கூடின ஆயர் சங்கம் பெலாஜியுஸ் கூட்டத்தைக் கண்டிச்சதோட மேற்கே அகுஸ்தினார் பக்கம் ஜெயிச்சுடுச்சு.

கிழக்கே கதை வேற. அகுஸ்தினாருக்கு இருநூறு வருஷம் முன்னாடி கிழக்கேயிருந்து போய் லியோன் நகரத்து ஆயரான இரனேயு, ஆதாமும் ஏவாவும் குழந்தைங்க மாதிரி, முத்தாத ஆட்கள்னு எழுதிட்டார். ஏமாந்துட்டாங்க, அவ்வளவுதான். ஆர்த்தடாக்ஸ் சபைகள்ல இன்னைக்கும், ஆதாம்கிட்ட இருந்து நமக்கு வந்தது சாவும் பலவீனமும், குற்றம் இல்லம்பாங்க.

நம்ம பக்கம் இப்போ என்னன்னா, 1992-ல வந்த கத்தோலிக்க மறைக்கல்வி ஏடு, எண் 404, 405 பாருங்க. இது ‘செய்த’ பாவம் இல்ல, ஒரு நிலை. ஆதாமோட வழிவந்த யாருக்கும் இது சொந்தக் குற்றம் ஆகாது. பாவம்ங்கிற சொல்லையே இங்க ஒப்புமையாத்தான் எடுத்துக்கணும்ங்குது. நம்ம பழைய ஞானோபதேசத்துலகூட ரெண்டு சொல் இருந்துச்சே, சென்மப் பாவம், கர்மப் பாவம்னு? தானே செஞ்சதுக்குத்தான் கர்மப் பாவம்னு பேர். ரெண்டும் வேற வேறன்னு அந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கே தெரிஞ்சிருக்கு. ஆக, உங்க முதல் கேள்விக்குப் பதில்: குற்றம் இல்ல, காயம்.

லிம்போ. ஞானஸ்நானம் இல்லாத குழந்தைக்கும் தண்டனை உண்டு, ஆனா இருக்கறதுலயே லேசான தண்டனைன்னு சொன்னது அகுஸ்தினாரேதான். பின்னாடி வந்தவங்களுக்கு அது தொண்டையில இறங்கல. 13ஆம் நூற்றாண்டுல இறையியலாளர் தாமஸ் அக்வினாஸ், அங்க வேதனை கிடையாது, இயல்பான ஒரு சந்தோஷம் உண்டு, கடவுளை நேரா பார்க்கறது மட்டும் இல்லன்னார். ‘லிம்பஸ்’னா லத்தீன்ல விளிம்பு, சேலைக்கரை மாதிரி. உள்ளயும் இல்ல, வெளியவும் இல்ல. உங்க ஊர்ல மதிலை ஒட்டி வச்சாங்களே, அந்த இறையியலை அப்படியே மண்ணுல வரைஞ்ச மாதிரி இருக்கு. லிம்போ எப்பவுமே விசுவாசக் கோட்பாடா அறிவிக்கப்பட்டது கிடையாது. 2007-ல, அப்போ போப்பா இருந்த 16ஆம் பெனடிக்ட் அனுமதியோட அனைத்துலக இறையியல் ஆணையம் ஓர் அறிக்கை வெளியிட்டுது: இந்தக் குழந்தைங்க மீட்கப்படுவாங்கன்னு நம்பறதுக்குப் பலமான காரணங்கள் இருக்கு, லிம்போ மீட்பை ரொம்பக் குறுக்கிப் பார்க்குதுன்னு. ‘நிச்சயம் தெரியும்’னு சொல்லல, ‘நம்பலாம்’னு சொல்லுது. நான் அந்த வித்தியாசத்தை மறைக்க விரும்பல.

இன்னொண்ணு எழுதறதா வேண்டாமான்னு ரெண்டு தடவை அழிச்சு அழிச்சு எழுதினேன். ஞானஸ்நானம் இல்லாதவங்களுக்குத் திருச்சபை அடக்கம் கிடையாதுங்கிறது 1917 திருச்சபைச் சட்டம். 1983 சட்டத்துல, பெற்றோருக்கு ஞானஸ்நானம் கொடுக்கிற எண்ணம் இருந்து அதுக்குள்ள பிள்ளை போயிட்டா ஆயர் அனுமதியோட சடங்கு செய்யலாம்னு மாத்திட்டாங்க. ஆனா அந்த அனுமதி, 1969-ல வந்த புது அடக்கச் சடங்கு நூல்லயே இருக்கு. உங்க அண்ணன் பிறந்தது 1976.


கடலோர டீச்சர்:

அண்ணன்னு எழுதியிருக்கீங்க. யாரும் அப்படிச் சொன்னதில்ல.

அனுமதி வந்து ஏழு வருஷம். ஆயருக்கு ஒரு கடுதாசி போட்டிருந்தா போதும்போல. இதை நான் அம்மாகிட்ட சொல்லணுமா? அவங்களுக்கு 71 வயசு.


இரவு டியூட்டி:

அக்கா, நான் நர்ஸ். அரசு ஆஸ்பத்திரி பிரசவ வார்டுல 22 வருஷம். சொல்லுங்க. ஆனா 1969-ஐக் கடைசியா சொல்லுங்க. முதல்ல ‘உங்க மேல தப்பு இல்ல’ங்கிறதைச் சொல்லுங்க. பிள்ளை தங்காமப் போன தாய் ஒவ்வொருத்தியும், அன்னைக்குத் தூக்கின குடம், தின்ன பப்பாளி, தாண்டின கயிறுன்னு தனக்குள்ள ஒரு பழத்தைத் தேடிக்கிட்டே இருப்பா. நாம டாக்டர் பாஷையில சொல்ற காரணம் எதுவும் உள்ள போகாது.

“வேதனையோடே பிள்ளை பெறுவாய்” வசனத்தை வார்டுல நான் நிறையக் கேட்டிருக்கேன், பெரும்பாலும் மாமியார்ங்க வாயில. எங்க சபை போதகர் ஒரு தடவை விளக்கினார்: 16ஆம் வசனத் தொடக்கத்துல பெண்ணுக்குச் சொல்ற வேதனையும், 17-ல ஆணுக்குச் சொல்ற வருத்தமும் எபிரெயத்துல ஒரே சொல், ‘இத்ஸாவோன்’. தமிழ்ல அவளுக்கு ‘வேதனை’, அவனுக்கு ‘வருத்தம்’. 1847-ல ஸ்காட்லாந்துல சிம்ப்சன்னு ஒரு டாக்டர் பிரசவத்துக்குக் குளோரோஃபார்ம் கொடுக்க ஆரம்பிச்சப்போ இந்த வசனத்தை வச்சும் ஆட்சேபணை வந்திருக்கு, அவரும் பைபிளை வச்சே பதில் எழுதினார். வயல்ல டிராக்டர் ஓட்டறவனைப் பார்த்து, நெத்தி வேர்வை சிந்தணும்னு வசனம் இருக்கேன்னு எவனும் மறிச்சதில்ல.


காயல்வாசி:

குறுக்கே வருவதற்கு மன்னிக்கணும் டீச்சர், சபை வேறுபாடு இல்லைன்னு சொன்னதால எழுதறேன். எங்ககிட்ட ஆதம் நபி, ஹவ்வா ரெண்டு பேரும் சேர்ந்தே சறுக்கினாங்கன்னுதான் குர்ஆன்ல வருது. “எங்கள் இறைவா, எங்களுக்கு நாங்களே அநீதம் செய்துகொண்டோம்”னு ரெண்டு பேரும் சேர்ந்து கேட்ட துஆ, அதாவது பிரார்த்தனை, 7:23. அல்லாஹ் மன்னிச்சுட்டான், கணக்கு அங்கேயே முடிஞ்சுது. ஒருத்தர் சுமையை இன்னொருத்தர் சுமக்க மாட்டார்ங்கிறதும் இருக்கு, 6:164. உங்க வகுப்புப் பையனைக் கேட்டதா சொல்லுங்க. எங்க உஸ்தாதுக்கும் இந்த மாதிரி ரெண்டு பேர் இருக்காங்க.


கடலோர டீச்சர்:

எல்லாருக்கும் நன்றி. என்ன ஆச்சுன்னு சொல்லிடறேன்.

சனிக்கிழமை சாயங்காலம் அம்மா திண்ணையில உட்கார்ந்து நெத்திலி ஆஞ்சுகிட்டு இருந்தாங்க. நானும் பக்கத்துல உட்கார்ந்து ஆய ஆரம்பிச்சேன். கையில வேலை இருந்தா பேச லேசு. நர்ஸ் தங்கச்சி சொன்ன வரிசைப்படியே சொன்னேன். குற்றம் இல்லம்மா, ஏட்டுலயே போட்டிருக்கு, 2007-ல ரோம்ல இருந்தும் இப்படிச் சொல்லியிருக்காங்கன்னு. அம்மா தலையைக் கிள்ளிக் கிள்ளிப் போட்டுக்கிட்டே, “அது எனக்குத் தெரியும்ட்டி”ன்னாங்க. “விடிய விடிய மடியில வச்சிருந்தவளுக்குத் தெரியாதாக்கும்.” தாவீது வசனத்தை ரெண்டு தடவை வாசிக்கச் சொன்னாங்க. ‘வசனம் மாத்திரம்’ பிரதர், அதுக்கு உங்களுக்குத் தனியா நன்றி.

1969-ஐச் சொன்னப்போதான் கை நின்னுது. “சாமியாருக்கு அது தெரியுமா?”ன்னு கேட்டாங்க. எனக்குத் தெரியலம்மான்னேன். ரொம்ப நேரம் ஒண்ணும் பேசல. பூனை வந்து ஒரு மீனை எடுத்துட்டுப் போச்சு, விரட்டக்கூட இல்ல. அப்புறம் அவங்களே, “தெரிஞ்சிருக்காது”ன்னாங்க. தெரிஞ்சிருக்காதுன்னு நம்புறாங்களா, அப்படி வச்சுக்கலாம்னு முடிவு பண்ணிட்டாங்களான்னு எனக்குப் பிடிபடல. எழுந்து கை கழுவப் போறப்போ, அன்னைக்கு ராத்திரியே பிள்ளைக்கு ஒரு பேர் வச்சிருந்தேன், யார்கிட்டயும் சொல்லலன்னாங்க. எங்கிட்ட சொன்னாங்க. அதை இங்க எழுதல.

வகுப்புக்கு வர்றேன். கடனை விட்டுட்டு எங்க ஊர்க் கிணத்தை எடுத்தேன். எங்க ஊர்ல கிணறு எல்லாம் உவர். தாத்தா காலத்துல நல்ல தண்ணின்னு சொல்வாங்க. இப்போ இருக்கிற பிள்ளைங்க யாரும் அதுல உப்பைக் கொட்டல, ஆனா வாளியை இறக்கினா உப்புத் தண்ணிதான் வரும். வாளி மேல குற்றம் இல்ல, குடிக்கவும் முடியாது. பையன் கொஞ்ச நேரம் யோசிச்சான். “அப்பம் தண்ணி லாரி இயேசுவா டீச்சர்?” ஆமாடான்னேன். வேற என்னத்தைச் சொல்ல. லாரி வாரத்துக்கு ரெண்டு நாள்தான் வருதுன்னு பின்னாடி இருந்து ஒரு குரல் வந்துச்சு, அதைக் கேக்காத மாதிரி நகர்ந்துட்டேன்.

அவன் சமாதானமாயிட்டான். ஆனா பாளைத் தாத்தா, உங்களால எனக்குப் புது வம்பு வந்திருக்கு. நீங்க சொன்னீங்களேன்னு ஆறாம் வசனத்தை ஒரு பொம்பளைப் பிள்ளையை விட்டுச் சத்தமா வாசிக்கச் சொன்னேன். “தன்னுடனிருந்த”ங்கிற இடத்துல நிறுத்திட்டா. “அப்பம் பாம்பு பேசும்போது ஆதாமும் பக்கத்துலயேதான் நின்னாரா? எல்லாத்தையும் கேட்டுக்கிட்டா? பொறவு ஏன் வாயே தொறக்கல?”

வர்ற ஞாயிறு எட்டரை மணிக்கு வகுப்பு. அதுக்குள்ள யாராவது சொல்லுங்க.